மூன்றாவது பீட்டில் மட்டும் கை இடறுகிறது

டயர்க்கடைக் கிட்டார்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 46, திருச்சியில் ஒரு டயர்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். பையனுக்கு வாங்கிய கிட்டார், அவன் ஹாஸ்டலுக்குப் போனபின் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது. ஏழு மாதமாக நான் எடுத்து வாசிக்கிறேன். ஒரு பீட் (தாளத்தின் ஒரு தட்டு) முழுக்க நிற்கும் க்வார்ட்டர் நோட், அரை பீட் நிற்கும் எய்ட்த் நோட் வரை ஒரு தொல்லையும் இல்லை. 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று வாய் சொன்னால் கை கேட்கிறது. கால் பீட் மட்டுமே நிற்கும் சிக்ஸ்டீன்த் நோட் வந்ததும்தான் வம்பு.

ஆன்லைனில் பாடம் எடுப்பவர் 'ஒன் ஈ அண்ட் அ' என்று எண்ணச் சொன்னார். நாலும் வரிசையாக வந்தால், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசித்துவிடுவேன். நான் மாட்டிக்கொண்ட பார் (நாலு பீட் கொண்ட ஒரு கட்டம்) இது: முதல் பீட்டில் நாலு சிக்ஸ்டீன்த். இரண்டாவதில் ஒரு எய்ட்த், இரண்டு சிக்ஸ்டீன்த். மூன்றாவதில் சிக்ஸ்டீன்த், எய்ட்த், சிக்ஸ்டீன்த். நாலாவது ஒரே க்வார்ட்டர் நோட்.

மூன்றாவது பீட் தப்பு என்கிறார். எனக்கு விளங்கவில்லை. நாலாவது பீட்டுக்கு மெட்ரோனோமோடு சேர்ந்து சரியாகத்தானே வந்து இறங்குகிறேன்? பிந்தினால், முந்தினால் தப்பு என்று ஒத்துக்கொள்ளலாம். கேட்டால் 'ஃபீல் பண்ணுங்க' என்கிறார். கணக்கு எழுதுகிறவனிடம் போய் ஃபீல் பண்ணச் சொன்னால்? பேரேட்டில் எந்த வரி இடிக்கிறது என்று காட்டினால் திருத்திக்கொள்வேன்.

பழைய பேஸ்காரன்:
சார், ஒரே ஒரு கேள்வி. அந்த மூன்றாவது பீட்டில் மூன்று ஸ்ட்ரோக் இருக்கிறதல்லவா, கடைசி ஸ்ட்ரோக்கில் உங்கள் கை கீழே போகிறதா (டவுன்), மேலே போகிறதா (அப்)? யோசிக்காமல் வாசித்துவிட்டுக் கையைப் பாருங்கள்.

டவுன் என்றால் கோளாறு அகப்பட்டுவிட்டது. மூன்று நோட்டைப் பார்த்ததும் உங்கள் கை பீட்டைச் சமமாக மூன்று பங்கு போட்டுவிடுகிறது. அதற்குப் பெயர் ட்ரிப்லெட். மொத்தம் ஒரு பீட்தான் என்பதால் நாலாவதில் ஒழுங்காகப் போய் இறங்குவீர்கள், மெட்ரோனோமும் உங்களைக் காட்டிக்கொடுக்காது. பேலன்ஸ் டேலி ஆகிறது, உள்ளே என்ட்ரி தப்பு. உங்கள் பாஷையில் சொன்னால் அதுதான்.

60ல் ஒரு பீட் ஒரு விநாடி. நீங்கள் வாசிப்பது 0.33, 0.33, 0.33. எழுதியிருப்பது 0.25, 0.5, 0.25. நடு நோட்டு முன்னால் வரவேண்டும், கடைசி நோட்டு பின்னால் தள்ளிப் போகவேண்டும்.

வழி இதுதான். வலது கை கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஓயாமல் கீழே, மேலே, கீழே, மேலே என்று ஆடட்டும். ஒன் என்றால் கீழே, ஈ மேலே, அண்ட் கீழே, அ மேலே. நோட்டு இல்லாத இடத்தில் கையை நிறுத்தாதீர்கள். கம்பியைத் தொடாமல் காற்றில் போகட்டும். மூன்றாவது பீட்டில் டவுன், அப், காற்றில் ஒரு டவுன், அப். ஆக, கடைசி ஸ்ட்ரோக் அப் ஆகத்தான் வந்து தீரவேண்டும். அந்தக் காற்றடி விழும்போது நடு நோட்டு ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும், இடது கையைத் தூக்கி அமுக்கிவிடாதீர்கள். இரண்டாவது பீட்டிலும் காற்றடி உண்டு, அங்கே அது 'ஈ'யில்.

முதலில் கம்பிகளை லேசாக மூடிக்கொண்டு டிக் டிக் என்று மட்டும் அடித்துப் பழகுங்கள். கார்டு (இடது கை விரல் பிடி) மாற்றும் கவலை இருந்தால் இது வரவே வராது.

ஞாயிறு கீபோர்டு:
பேஸ்காரர் கையைச் சொல்லிவிட்டார், நான் வாயைச் சொல்கிறேன். பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், ஞாயிறு காலை சர்ச்சில் கொயருக்கு கீபோர்டு. எங்கள் கொயரில் பாதிப் பேருக்கு 'ஒன் ஈ அண்ட் அ' நாக்கில் புரளாது. எனக்கும்தான்.

ஆறாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சிக்ஸ்டீன்த்தைக் குறிலாகவும் எய்ட்த்தை நெடிலாகவும் வைத்துக்கொண்டால் சொற்கள் தானாகக் கிடைக்கின்றன. நாலு சிக்ஸ்டீன்த்துக்குக் கலகல. எய்ட்த், அப்புறம் இரண்டு சிக்ஸ்டீன்த் என்றால் காவிரி. உங்களைப் படுத்தும் மூன்றாவது பீட் கபாலி. அதையே திருப்பிப் போட்டு இரண்டு சிக்ஸ்டீன்த், ஒரு எய்ட்த் என்று வந்தால் முருகா.

உங்கள் பார் முழுவதும் இவ்வளவுதான்: கலகல காவிரி கபாலி தா. கடைசித் 'தா'வை மட்டும் நாலு மாத்திரைக்கு நீட்டுங்கள். காவேரி என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு மாத்திரை கூடிவிடும். திருச்சிக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

புள்ளி வைத்த எய்ட்த் (ஒன்றரை எய்ட்த் நீளம்) வரும்போது மூன்று மாத்திரை வேண்டும். அதற்கும் இலக்கணத்தில் ஆள் இருக்கிறது, உயிரளபெடை. 'கேஎளு' என்று இழுத்தால் மூன்றும் ஒன்றும் நாலு. அங்கேயும் இதே விபத்துதான் நடக்கும். மூன்றுக்கு ஒன்று என்பதை அவசரத்தில் இரண்டுக்கு ஒன்றாக வாசித்து நொண்டியடிப்போம்.

தோல்வாத்தியம்:
மிருதங்கம் பழகுகிறேன். எங்கள் பாஷையில் இவர் சதுஸ்ரத்தில் (நாலு பங்கு) திஸ்ரத்தை (மூன்று பங்கு) நுழைத்துவிட்டார், அவ்வளவுதான். 'தகதிமி' சொல்லவேண்டிய இடத்தில் 'தகிட' சொல்கிறார்.

தகதிமி வைத்தும் எண்ணலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1996இல் அமெரிக்க இசை ஆசிரியர்கள் மூன்று பேர் 'தகதிமி' என்றே பெயர் வைத்து ஒரு முறை வெளியிட்டார்கள். அதில் 'த' எப்போதும் பீட்டின் தலை, 'தி' எப்போதும் பீட்டின் பாதி. உங்கள் மூன்றாவது பீட் அந்த முறையில் 'த க – மி'. நம் மிருதங்கச் சொற்கட்டு அப்படி இடத்தில் ஆணி அடித்தது இல்லை, கூட்டத்தோடு நகரும். தகிட தகிட தகிட தகிட தகதிமி என்று ஒரு பாரின் 16 சிக்ஸ்டீன்த் இடங்களையும் நிரப்பினால், 'த' விழும் இடங்கள் 1, 4, 7, 10, 13. பீட்டின் தலை இருப்பதோ 1, 5, 9, 13இல். கடைசித் தகதிமிதான் மறுபடி பீட்டோடு ஒட்டும். இரண்டு முறையையும் ஒரே வாரத்தில் கலந்தால் தலை சுற்றும். இப்போதைக்குக் கபாலியே போதும்.

காலால் பீட் தட்டுவதை மட்டும் விடாதீர்கள். காலை நிறுத்திவிட்டு வாயால் மட்டும் சொன்னால், வாய் தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்ளும்.

டயர்க்கடைக் கிட்டார்:
டவுன்தான் சார்! நேற்று ராத்திரி மொட்டைமாடியில் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் டவுன். ஏழு மாதத்தில் என் கையை நான் பார்த்ததே இல்லை.

மெட்ரோனோமை 50க்கு இறக்கிக் கம்பியை மூடிக்கொண்டு கலகல காவிரி கபாலி தா சொன்னேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அந்தக் காற்றடி தானாக விழுந்தது. பழைய வாசிப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டபோதுதான் பாடம் எடுப்பவர் எதைத் தப்பு என்றார் என்று புரிந்தது. பழையது தாலாட்டு மாதிரி ஆடியது, இது நடுவில் ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறது.

54 வரை நிற்கிறது. 60 வைத்தால் கை மறுபடி டவுனுக்கு ஓடிவிடுகிறது. இன்னொன்று, வாய் கபாலி சொல்லாவிட்டால் கையும் செய்ய மாட்டேன் என்கிறது. இது எப்போது விடும்?

பழைய பேஸ்காரன்:
விடவேண்டாம் சார், முணுமுணுத்துக்கொண்டே வாசியுங்கள். நான் இன்னும் மேடையில் உதட்டை அசைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். 60க்குத் தாவாமல் 56 வையுங்கள். அதில் மூன்று நாள் வீடியோவில் கடைசி ஸ்ட்ரோக் அப் ஆகவே இருந்தால் 58.