மறு: ‘கீஸ்டோன் ஸ்பீஷீஸ்’ – அச்சாணி இனம் எனலாமா?

> ‘முக்கிய இனம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். தேக்கங்காட்டில் தேக்கு முக்கியம். அது நிறைந்து கிடப்பதால். ‘கீஸ்டோன் ஸ்பீஷீஸ்’ என்ற சூழலியல் சொல்லுக்கு நாம் தமிழ்ப் பெயர் தேடுவதோ, ஒரு வாழிடத்தில் கொஞ்சமாக இருந்துகொண்டு தன் அளவுக்கு மீறிய வேலை செய்யும் உயிருக்கு. ‘ஆதார இனம்’ என்ற பெயரைப் பவளம், அலையாத்தி போல வாழிடத்தையே கட்டித் தருபவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். ‘மூலைக்கல்’ என்றும் சொல்ல முடியாது; அது அடித்தளத்துக் கல். கீஸ்டோன் வளைவின் உச்சியில் செருகும் ஆப்புக்கல்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1969-ல் இந்தப் பெயரை இட்டார். அதற்கு அடிப்படையான சோதனை வாஷிங்டன் மாநிலத்து மக்கா விரிகுடாவில் நடந்தது. 8 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரப் பாறைப் பரப்பில் 1963 ஜூன் முதல் நட்சத்திர மீன்களை அகற்றிக்கொண்டே இருந்தார். செப்டம்பருக்குள் பார்னக்கிள்கள் (பாறையில் ஒட்டி வாழும் ஓடுடைய சிற்றுயிர்கள்) 60–80 விழுக்காடு இடத்தைப் பிடித்தன. அடுத்த ஜூனில் மட்டிகள் அவற்றையும் நெருக்கித் தள்ளின; மட்டியைத் தின்று இடத்தைக் காலி செய்ய ஆள் இல்லை. 15 இனங்கள் இருந்த பாறையில் 8தான் மிஞ்சின.

அச்சாணியும் அப்படித்தான்: விரல் தடிமன் ஆணி கழன்றால் சக்கரம் கழலும், தேர் சாயும். குறள் 667 ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்று அச்சாணியைக் காட்டுவதும் இதற்குத்தான். என் பரிந்துரை: அச்சாணி இனம்.

---

> என் பரிந்துரை: அச்சாணி இனம்.

சொல் அருமை. ஒரே கவலை: ‘வேளாண்மையே நாட்டின் அச்சாணி’ என்று மேடைதோறும் கேட்டுப் பழகிய காது இதையும் ‘முக்கியம்’ என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே வரையறையில் கணக்கும் வர வேண்டும். ஓர் இனத்தை அகற்றியதால் இனங்களின் எண்ணிக்கையில் குறைந்த பங்கை, மொத்த உயிர்த்திரளில் (அங்குள்ள உயிர்களின் மொத்த எடையில்) அந்த இனத்தின் பங்கால் வகுக்க வேண்டும். 15 என்பது 8 ஆனால் குறைவு 0.47. அகற்றிய இனம் உயிர்த்திரளில் 0.05 என்று கொண்டால் விடை 9.3. விடை 1-ஐ ஒட்டி வந்தால் அது தன் அளவுக்கேற்ற வேலைதான் செய்கிறது, அச்சாணி அல்ல.

வரையறையில் ‘குறிப்பிட்ட வாழிடத்தில்’ என்று சேர்க்கவும் மறந்துவிடாதீர்கள். அதே நட்சத்திர மீனுக்கு ஒரிகன் கரையில் அலை மோதும் பாறையில் தாக்கம் வலுவாகவும், அலை தணிந்த ஒதுக்கிடத்தில் நலிந்தும் இருந்தது. அகற்றிப் பாராமல் யானை, புலி என்று பட்டியலிடுவது இங்கேதான் தடுமாறுகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஸ்பீஷீஸுக்குச் ‘சிற்றினம்’ என்கின்றன. அதையொட்டி ‘அச்சாணிச் சிற்றினம்’ என்று பதியலாம். இரை தின்று இவ்வேலை செய்வதை ‘அச்சாணிக் கொன்றுண்ணி’ என்றும், மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் பழம் தந்து இருவாச்சிப் பறவையைக் காக்கும் காட்டு அத்தியை ‘அச்சாணி மரம்’ என்றும் சொல்ல இச்சொல் இடம் தருகிறது. ‘ஆப்புக்கல்’லை வைத்து இப்படிக் கிளை விட முடியாது.