பாராவியூவில் (தரவை முப்பரிமாணப் படமாக்கும் மென்பொருள்) புள்ளி இடம் மாறுது, நிறம் வரலை: உங்க அனுபவம் என்ன?

ஓசூர்: போர்வெல் நீர்மட்டம், யுடிஎம் எண்ணில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை), ஒரே சிஎஸ்வி. டேபிள் டு பாயின்ட்ஸ் போட்டு அப்ளை அழுத்தினால், கிருஷ்ணகிரிக்கு வடமேற்கே 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டிய ஓசூர் கிழக்கே 600 கிலோமீட்டர் தாண்டி வங்காள விரிகுடாவில் மிதக்கிறது! வில்லங்கம் 78 பாகை தீர்க்கரேகை. சூளகிரியை ஒட்டிப் போகும் அந்தக் கோட்டுக்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. ஜிபிஎஸ் கருவி தானாக மண்டலம் மாற்றிக்கொள்ளும். சிஎஸ்வியில் மண்டலத்துக்கு என்று பத்தியே இருக்காது. ஓசூரின் கிழக்கெண் (கிழக்கு மேற்கு இடத்தைச் சொல்லும் மீட்டர் எண்) சுமார் 8,07,000, கிருஷ்ணகிரிக்கு 1,97,000. மேற்குப் புள்ளிகளைத் தனியே பிரித்து, வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்சில் இபிஎஸ்ஜி 32643 (மண்டலம் 43-இன் குறியீடு) என்று அடையாளம் கொடுத்து, ரீப்ரொஜெக்ட் லேயர் வழியாக 32644-க்கு மாற்றிவிட்டுச் சேர்க்கணும். செட் லேயர் சிஆர்எஸ் மட்டும் போட்டால் பெயர்ப்பலகைதான் மாறும், எண் அசையாது.

பென்னாகரம்: அதே 78 பாகைக் கோடு எஸ்ஆர்டிஎம் (விண்ணோடத்திலிருந்து அளந்த) நில உயரத் தரவையும் வெட்டுது. ஒகேனக்கல் என்12இ077 கோப்பில், தருமபுரி என்12இ078-இல். ஹெச்ஜிடி கோப்பை நேரடியாக ரா வாசிப்பானில் திறந்தபோது, 500 மீட்டர் இருக்க வேண்டிய இடம் மைனஸ் 3071 காட்டியது. கோப்பு பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட் முதலில்). அமைப்பு லிட்டில் எண்டியனில் இருந்தது, இரண்டு பைட்டும் தலைகீழ். ஷார்ட் (இரண்டு பைட் முழு எண்), பிக் எண்டியன், 0 முதல் 3600 வரை இரு திசையிலும் என்று அமைக்கணும். கோப்பு 2,59,34,402 பைட் இருந்தால்தான் இந்த அளவு. 28,84,802 என்றால் 0 முதல் 1200.

அதற்கப்புறமும் மலை முழுக்க ஒரே நிறமா? தரவு இல்லாத இடத்தில் மைனஸ் 32768 இருக்கும், நிறப்பட்டை அங்கேயிருந்து தொடங்கிவிடும். த்ரெஷோல்டில் (எல்லைக்கு வெளியே உள்ள மதிப்பை நீக்கும் வடிகட்டி) கீழ் எல்லை 0 வைத்தால் போதும்.

பாலக்கோடு: ஃபுளோரைடு பத்தியில் ஒரே ஒரு கிணற்றுக்கு 'பிடிஎல்' என்று ஆய்வகம் எழுதியிருந்தது. மொத்தப் பத்தியும் எழுத்தாகிவிட்டது, நிற அளவுகோலே வரவில்லை. அதற்குப் பதில் மைனஸ் 999 போட்டேன், சரியாகிவிட்டது.

ஊத்தங்கரை: சரியாகலைங்க, பாலக்கோட்டுக்காரரே. அதை அப்படியே டெலானே 2டி-க்குக் (புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்துப் பரப்பாக்கும் வடிகட்டி) கொடுத்தால் அந்தக் கிணற்றைச் சுற்றி மைனஸ் நூற்றுக்கணக்கில் பள்ளம் விழும், பக்கத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிய ஊர்கூட நல்ல தண்ணீர் நிறத்தில் தெரியும். முதலில் த்ரெஷோல்டு, பிறகுதான் டெலானே. 0 போடலாமே என்பார்கள். பிடிஎல் என்றால் கருவியின் கண்டறியும் வரம்புக்குக் கீழே என்றுதான் அர்த்தம், ஃபுளோரைடே இல்லை என்று இல்லை. நிறப்பட்டையை 0 முதல் 3 வரை கையால் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதப் படத்திலும் ஒரே சிவப்புக்கு வேறு வேறு அளவு. எக்ஸெலில் சேமிக்கும்போது தசமப் புள்ளி காற்புள்ளியாகிவிட்டதா என்று நோட்பேடில் ஒருதரம் பாருங்கள். 2டி பாயின்ட்ஸ் டிக் பண்ணியிருந்தால் உயரம் போய்விடும், அதையும் பாருங்கள்.

ஓசூர்க்காரருக்கும் ஒன்று. எதற்கு யுடிஎம்? பாகையிலேயே வைத்தால் மண்டலச் சண்டையே இல்லையே.

ஓசூர்: பாகையில் வைத்து, உயரத்தை மீட்டரில் வைத்தால் மேலகிரி ஊசியாக நிற்கும். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேலின் மூன்றாவது எண்ணை (உயரத்துக்கானது) 0.000009 ஆக்கணும், மலை எடுப்பாகத் தெரிய ஐந்து மடங்கு வேண்டுமென்றால் 0.000045. இதை மறக்காதவர்கள் தாராளமாகப் பாகையில் வையுங்கள்.

காவேரிப்பட்டணம்: அட்சரேகையை எக்ஸில் போட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு கரையோரக் கடலில் போய் நிற்கும். எக்ஸ் என்பது 77 அல்லது 78-இல் தொடங்குவது.