ராத்திரி கேமராவில் என்ன பார்த்தீர்கள்? உங்கள் அனுபவம்

போர்டிகோ பாண்டி:

பைக் போனது போனதுதான், அதைப் பேச இங்கே வரவில்லை. மறுநாள் காலை ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தபோது கண்ட ஒரு நொடிதான் இன்னும் விடமாட்டேன் என்கிறது. 2.40க்குக் கேட் ஏறிக் குதிக்கிறான். கேமராவுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறான். சாவகாசமாக நிமிர்ந்து லென்ஸைப் பார்க்கிறான். கண், மூக்கு, மீசை எதுவுமே இல்லை. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை. கேட்டருகே இருந்தவரை முகம் மாதிரி ஏதோ இருந்தது, பக்கத்தில் வர வர வெளுத்துக்கொண்டே போகிறது. பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது நம்பர் பிளேட்டும் அப்படியே வெள்ளைத் தகடு. ஸ்டேஷனில் ஏட்டு திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஆள் நல்ல உயரம்" என்றார். அவ்வளவுதான். 5 மெகாபிக்சல் கேமரா ஐயா இது! பகலில் எதிர்வீட்டுக் கோலத்தில் புள்ளி எண்ணலாம்.

மூணாவது மாடி:

எங்கள் அபார்ட்மென்ட்டில் சட்டையால் வந்தது வினை. மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வர்ட்டர் பேட்டரியைக் காணோம். ஃபுட்டேஜில் வெள்ளைச் சட்டை. விடிவதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் வருகிறவர் பால் போடுகிற அண்ணன் ஒருவர்தான். அசோசியேஷன் ஆட்கள் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி, செல்போனில் வீடியோவைக் காட்டி, "இது நீதானப்பா?" என்றார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒருவன் மாட்டினான். அதே டி-ஷர்ட், நெஞ்சில் அதே படம், ஆனால் கருகருவென்று கறுப்பு. ராத்திரி கேமரா பார்ப்பது ஐஆர் வெளிச்சத்தில், அதாவது அதுவே வீசுகிற, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். கறுப்புச் சாயம் நிறைய அந்த வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடும், அதனால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரியும். இதை யாரும் அன்றைக்குப் பால் அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை. பால் இன்னும் வருகிறது. பேச்சுதான் இல்லை.

கேபிள் இழுப்பவன்:

என் கதை சின்னது. ஒரு வீட்டில் சாயங்காலம் இருட்டினால் போதும், பின்பக்கக் கேமரா அணையும், வரும், மறுபடி அணையும். பகலில் ஒரு குறையும் இல்லை. பேய் என்று எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். இருட்டினதும் கேமராவிலுள்ள ஐஆர் எல்இடி விளக்கு எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். மட்டமான வயர் நீளமாக ஓடினால் 12 வோல்ட் போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும், கேமரா செத்து மறுபடி பிழைக்கும். அடாப்டரைக் கேமரா பக்கத்திலேயே கொண்டுபோய் மாட்டினேன், சரியாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தைக் கழற்ற விடவில்லை.

பாண்டி அண்ணே, மெகாபிக்சலை விடுங்கள். உங்களுடையது அனேகமாக 2.8 மிமீ லென்ஸ். சுமார் 100 டிகிரி அகலம் பிடிக்கும், தெருவே தெரியும், ஆள் தெரியாது. முன்பின் தெரியாதவனை அடையாளம் காண, அவன் நிற்கிற இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று கேமராக்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4இன் 2014 பதிப்பு சொன்னது. உங்கள் கேமராவுக்குக் கணக்குப் போட்டால் 4 மீட்டர் தாண்டினாலே கஷ்டம், அதுவும் நல்ல வெளிச்சத்தில். கேட்டுக்கென்று தனியாக, குறுகிய இடத்தைப் பெரிதாகக் காட்டும் 6 மிமீ லென்ஸ் கேமரா ஒன்று போடுங்கள்.

முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. மொத்த இருட்டுக்கும் சேர்த்துக் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது உள்வாங்குகிற வெளிச்சத்தை, ஏற்றியிருக்கும்போது பக்கத்தில் வருகிறவன்மேல் ஐஆர் கொட்டும். ஆள் நெருங்கினால் வெளுக்காமல் சரிசெய்கிற ஸ்மார்ட் ஐஆர் மெனுவில் இருக்கும், ஆன் செய்யுங்கள். நம்பர் பிளேட் வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பத்தான் செய்யப்பட்டது, வீட்டுக் கேமராவில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஷட்டரை ஆட்டோவில் விட்டால் ராத்திரி மெதுவாகிவிடும், நடக்கிறவன் வால் விட்டுக்கொண்டு போவான். 1/50 நொடியைவிட மெதுவாகப் போகவிடாதீர்கள். படம் இருட்டாகும், அதற்குக் கேட்டில் 9 வாட் பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரியட்டும். நாய்ஸ், அதாவது படத்தில் பொரிகிற புள்ளிகளைக் குறைக்கிற செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் முகம் மெழுகாகிவிடும். கேமராவை மாடி உயரத்தில் மாட்டாதீர்கள், உச்சந்தலைதான் கிடைக்கும். டோம் கேமரா என்றால் மூடியைத் துடையுங்கள், தூசியில் ஐஆர் பட்டுப் பனிமூட்டம் மாதிரி இருக்கும்.

நெல்லைக்காரி:

கேபிள் அண்ணே, அனுபவத்தைத்தான் கேட்டார்கள், கொட்டேஷன் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் பல்பு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பல்புக்கு ஈசல் வரும், ஈசலுக்குப் பல்லி வரும், பல்லிக்கு எனக்கு அலர்ட் வரும்.

நான் பெங்களூரில், அம்மா பாளையங்கோட்டையில் தனியாக. நடு ராத்திரி போனில் அலர்ட். திறந்தால் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாக இழைகள் ஆடுகின்றன. ஐஆர் எல்இடி பக்கத்திலேயே சிலந்தி வலை கட்டினால் அப்படித்தான். மூடப்போனேன். அப்போதுதான் இழைகளுக்குப் பின்னால், புறவாசலில், ஓர் உருவம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறது. கை நடுங்க அம்மாவுக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். கேமராவில் அந்த உருவமும் நின்றது. "நாந்தாம்ளா. உறக்கம் வரல."

பழைய ரெக்கார்டிங்கைப் போய்ப் பார்த்தேன். பல ராத்திரி அப்படித்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போர்டிகோ பாண்டி:

ஸ்மார்ட் ஐஆர் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கிறது கேபிள் தம்பி. கேமரா மாட்டியவரும் உங்களை மாதிரிதான் நிறைய பேசினார்.

கேபிள் இழுப்பவன்:

அப்படியானால் ஐஆர் பவரை மேனுவலில் குறையுங்கள். குறைந்த தூரத்துக்கு முழு பவர் எதற்கு? நெல்லைக்காரி அக்கா, கேமரா ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் லைட் ஒன்றை மூன்று நாலு அடி தள்ளி மாட்டுங்கள். லென்ஸ் முன்னால் பூச்சியோ வலையோ இருந்தாலும் இவ்வளவு வெள்ளையாக அடிக்காது. பூச்சி மருந்தை லென்ஸ்மேல் அடித்துவிடாதீர்கள், கறை பிடித்துவிடும்.

மூணாவது மாடி:

அம்மா இப்போது தூங்குகிறார்களா?

நெல்லைக்காரி:

தெரியவில்லை. புறவாசல் கேமராமேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள்.

கேபிள் இழுப்பவன்:

துணியை எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. ஐஆர் அதில் பட்டு லென்ஸுக்கே திரும்பும், ஒன்றுமே தெரியாது.

நெல்லைக்காரி:

அதுக்குத்தான் போட்டிருக்காங்க அண்ணே.