ஹைட்ராலிக் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் அது ஸ்போர்ட் செடானே இல்லையா?

நெக்கர்கரை:
புதிய இழையாகவே தொடங்குகிறேன், பழையதில் என் கேள்வி புதைந்துபோய்விட்டது. ஸ்டுட்கார்ட்டில் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன்: எஃப்30 தலைமுறை பி.எம்.டபிள்யூ. 340ஐ (326 குதிரைத்திறன், கையால் போடும் கியர்), ஆல்ஃபா ரோமியோ ஜூலியா வெலோசே (280), மெர்சிடிஸ் சி 43 (367). எது சிறந்தது என்று கேட்டதற்கு "ஆறு சிலிண்டர்" தந்த பதில் இது: "2011-க்குப் பிறகு ஐரோப்பாவில் ஸ்போர்ட் செடான் என்று எதுவும் வரவில்லை. ஸ்டீயரிங்கில் மின்மோட்டாரை மாட்டிய அன்றே அந்த இனம் முடிந்தது. மூன்றில் எதை வாங்கினாலும் வீண்."

கார் வாங்க வந்தவனுக்கு இதுவா பதில்? பின்னிருக்கையில் குழந்தை இருக்கை வைக்க வேண்டும். பனியிலும் ஓட்ட வேண்டும். இருபது வயதான காரைத் தேடிப் போக எனக்கு நேரமில்லை. வேறு யாராவது பொறுப்பாகச் சொல்லுங்கள்.

ஆறு சிலிண்டர்:
நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் முன்சக்கரம் ரேக்கை, அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டை, தள்ளினால் அந்தத் தள்ளல் ஸ்டீயரிங் தண்டின் வழியாகவே உங்கள் கைக்கு வந்து சேரும், எண்ணெய் அழுத்தம் திருப்ப உதவி மட்டும் செய்யும். டயர் பிடியை இழக்கத் தொடங்கும்போது சக்கரம் கையில் இலகுவாகும். அதை வைத்துத்தான் ஓட்டுநர் முடிவெடுக்கிறான். மின்சார ஸ்டீயரிங்கில் ஒரு சென்சார் உங்கள் கையின் முறுக்கத்தை அளக்கிறது, ஒரு கணினி கணக்குப் போடுகிறது, ஒரு மோட்டார் சுற்றுகிறது. நடுவில் மென்பொருள் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார். 2011-இல் எஃப்30 வந்த புதிதில் இதைத்தான் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் குறை சொல்லின. எஃப்30-க்கு இரண்டு தலைமுறை முந்தைய ஈ46 330ஐ-யை ஓட்டியவர் யாரும் 340ஐ-யின் ஸ்டீயரிங்கைப் பாராட்ட மாட்டார். 231 குதிரைத்திறன்தான், ஆனால் அது கார்.

மிலானீஸ்:
ஜூலியாவை ஓட்டாமல் எழுதப்பட்ட பதில் என்று ஒவ்வொரு வரியும் சொல்கிறது. ஜூலியாவின் ஸ்டீயரிங் விகிதம் 11.8-க்கு 1. குடும்ப செடான்களில் அவ்வளவு நேரடியான ஸ்டீயரிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், உந்துத்தண்டு கார்பன் ஃபைபர், எடை முன்னும் பின்னும் சரிபாதி. ஜூலியாவின் வேகமான வகையான க்வாட்ரிஃபோலியோ 2016-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 32 விநாடியில் சுற்றியது. அந்தக் காரிலும் மின்சார ஸ்டீயரிங்தான். செத்துப்போன இனம் எப்படி ஓடியது என்று விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு சிலிண்டர்:
விகிதம் வேகமாக இருந்தால் உணர்வு வந்துவிடுமா? 11.8 என்பது பல்லின் கணக்கு. நான் பேசுவது ரேக்கிலிருந்து கைக்குத் திரும்பி வருவதைப் பற்றி. நூர்பர்க்ரிங் நேரத்தை இழுக்காதீர்கள். விநாடிகளை டயரும் இன்ஜினும் தரும். ஹைட்ராலிக் இல்லை என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை.

பழைய நட்டு:
முதலில் ஒன்று கேட்கிறேன். ஸ்போர்ட் செடான் என்று எதைச் சொல்கிறீர்கள்? நான்கு கதவு, ஐந்து இருக்கை, தினமும் ஓட்டும் கார், வளைவில் மகிழ்ச்சி தர வேண்டும். அதுதானே? அல்லது ஸ்டீயரிங் பம்ப் ஒன்றுதான் இலக்கணமா? இதைத் தீர்த்துக்கொள்ளாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் பயனில்லை.

இரண்டாவது, ஈ39 எம்5, அதாவது பி.எம்.டபிள்யூ.வின் பழைய 5 சீரிஸில் வேகமான வகை. இன்றுவரை பலரும் முதலிடம் தரும் ஸ்போர்ட் செடான். அதில் ரேக்கே கிடையாது. வி8 இன்ஜினை உள்ளே திணித்த பிறகு ரேக்-பினியனுக்கு இடமில்லாததால் அந்த வண்டிகளுக்குப் குண்டுகள் உருளும் பழைய ரீசர்குலேட்டிங் பால் ஸ்டீயரிங் பெட்டியைத்தான் வைத்தார்கள். அதே ஈ39-இல் ஆறு சிலிண்டர் 530ஐ-க்கு ரேக்-பினியன். உணர்வு கையில் எப்படி வருகிறது என்று மட்டும் பார்த்தால் 530ஐ-தான் மேல். அப்படியானால் எம்5 ஸ்போர்ட் செடான் இல்லையா?

மூன்றாவது, டயர். ஈ46-க்கு அடுத்த ஈ90 காலத்திலிருந்து பி.எம்.டபிள்யூ. பல மாடல்களில், காற்று இறங்கினாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயரோடு வந்தது. பக்கச்சுவர் மரக்கட்டை போல இருக்கும். அதைக் கழற்றி நல்ல சாதாரண டயர் போட்டாலே பாதிக் குறை போய்விடும். ஸ்டீயரிங்கைத் திட்டுகிறவர்களில் பலர் உண்மையில் டயரைத்தான் திட்டுகிறார்கள்.

ஆறு சிலிண்டர்:
எம்5-இன் பெட்டி எதுவாக இருந்தால் என்ன? அது ஹைட்ராலிக். நான் ரேக் என்று வாதாடவில்லை, ஹைட்ராலிக் என்றுதான் வாதாடுகிறேன். நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

இன்னும் வேண்டுமா? 2002-இல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் முதல் இசட்4 ஸ்போர்ட்ஸ் காருக்கு மின்சார ஸ்டீயரிங். பிறகு அதன் வேகமான வகையான இசட்4 எம் செய்தபோது அதே நிறுவனம் அதைத் தூக்கிவிட்டு ஹைட்ராலிக்கை வைத்தது. எஃப்10 தலைமுறை 5 சீரிஸுக்கு மோட்டார், அதன் எம்5-க்கு ஹைட்ராலிக். வேகமான காரைச் செய்யும்போது அவர்களே எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். மோட்டார் வந்தது எரிபொருள் மிச்சத்துக்காக. பம்ப் இன்ஜினோடு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், மோட்டார் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். அதோடு தானாகப் பார்க்கிங், தானாகத் தடம் பிடிப்பது. ஓட்டுநருக்காக வந்தது ஒன்றுமில்லை.

மிலானீஸ்:
எஃப்10 எம்5-க்கு அடுத்து வந்த எம்5? 2014-இல் வந்த எம்3? இரண்டிலும் மின்சாரம். அவர்களே தேர்ந்தெடுத்ததைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்துவிட்டேன். பாதிப் பட்டியலைக் காட்டிவிட்டு மீதியை மறைப்பது உங்கள் பழைய பழக்கம். ஜூலியாவை ஓட்டியிருக்கிறீர்களா, இல்லையா?

மறைமலை:
ஐரோப்பாவில் இருக்கும் அண்ணன்மார் எல்லாரும் ஊரில் ஸ்போர்ட் செடான் என்ற ஒன்றே இல்லை என்பது போலப் பேசுகிறீர்கள். 2007 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் 3 சீரிஸ் கோர்க்கப்பட்டு வெளியே வருகிறது. 2021-இல் எம்340ஐ-யையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 387 குதிரைத்திறன், 100 கிலோமீட்டரைத் தொட 4.4 விநாடி. மின்சார ஸ்டீயரிங்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பிறகு செத்த இனம் என்று சொல்லுங்கள்.

ஆறு சிலிண்டர்:
அதே தொழிற்சாலையில்தானே கிரான் லிமோசின் என்று சக்கர இடைவெளியை 110 மில்லிமீட்டர் நீட்டி விற்கத் தொடங்கினார்கள்? முதலாளி பின்னால் காலை நீட்டிக்கொள்ள, ஓட்டுநர் முன்னால் ஓட்ட. ஸ்போர்ட் செடானைப் பற்றி அங்கிருந்து எனக்குப் பாடமா? எம்340ஐ நேர்கோட்டில் வேகமாக ஓடும். மறுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் என்ன வருகிறது? ஒன்றும் வராது.

மறைமலை:
நீட்டிய காரை இங்கே மட்டும்தான் விற்கிறார்களா? சீனாவுக்கும் நீட்டித்தான் தருகிறார்கள். வாங்குகிறவர் பின்னால் உட்கார விரும்பினால் அது அவர் பணம். நான் எழுதியது எம்340ஐ-யைப் பற்றி. அது நீட்டாத கார். அதைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பிடித்து அடிக்கிறீர்கள். அந்தத் தொழிற்சாலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இளக்காரமாகப் பேசுவதை நிறுத்துங்கள்.

நெக்கர்கரை:
ஐயா, என் கேள்வி. மூன்று கார். ஒன்றை வாங்க வேண்டும்.

பழைய நட்டு:
நெக்கர்கரை, 340ஐ-யைப் பாருங்கள். அதில் இருக்கும் பி58 இன்ஜின் அந்த நிறுவனத்தின் நல்ல இன்ஜின்களில் ஒன்று. 2015-க்குப் பிறகு வந்த வண்டி என்பதால் சஸ்பென்ஷனும் திருத்தப்பட்டது. பராமரிப்புப் புத்தகம் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள், எண்ணெய் மாற்றும் இடைவெளியை அளவுக்கு மீறி நீட்டியவரிடம் வாங்காதீர்கள். சி 43-இன் இருக்கையும் உள் வேலைப்பாடும் நன்றாக இருக்கும், நான்கு சக்கர இயக்கம் பனிக்கு உதவும், ஆனால் டயர், பிரேக் செலவு கூடும். ஜூலியா மூன்றிலும் மனதைப் பறிக்கும் கார். பக்கத்தில் அதைத் தெரிந்த பட்டறை இருந்தால் மட்டும் வாங்குங்கள். எதுவானாலும் ஜெர்மனியின் கட்டாய வாகனச் சோதனையான டி.யு.வி. அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் தனியாக ஒருவரைக் கொண்டு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

யாராவது ஈ46 வாங்கச் சொன்னால், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டம் பொருந்தும் தரைத்தகடு விரிசல் விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உப்புப் போட்ட சாலையில் இருபது குளிர்காலம் ஓடிய தகடு அது.

இன்னொன்று, ஆறு சிலிண்டர் கவனத்துக்கு. 2011 என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். ஈ90-இன் நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு 2007-லேயே ஐரோப்பாவில் மின்சார ஸ்டீயரிங் வந்துவிட்டது. உங்கள் ஆண்டே தவறு.

ஆறு சிலிண்டர்:
2007-லேயே தொடங்கியது என்றால் என் வாதம் நான்கு ஆண்டு வலுப்பெறுகிறது. நன்றி. என் பெயரிலேயே ஆறு சிலிண்டர் இருக்கிறது, நான்கு சிலிண்டர் டாக்சிகளைப் பற்றி நான் எப்போது பேசினேன்? ஆறு சிலிண்டர் ஈ90-க்கு ஹைட்ராலிக்தான். அதைத் தொட்டவருக்குத் தெரியும்.

சப்ஃபிரேமுக்குப் பட்டை வைத்துப் பற்றவைத்தால் காலத்துக்கும் நிற்கும். ஸ்டீயரிங் மோட்டாருக்கு எதைப் பற்றவைப்பீர்கள்?

குவாட்ரோ:
நான்கு வளையத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பனி பெய்யும் நாட்டில் குழந்தையோடு ஓட்டுகிறவருக்கு ஆடி எஸ்4-ஐச் சொல்லாமல் மூன்று நாட்டுக் கதை பேசுகிறீர்கள். 354 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும், உள்ளே உட்கார்ந்தால் வேறு எந்தக் காரும் பிடிக்காது.

பழைய நட்டு, உங்களிடம் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. போன ஆண்டு டைமிங் செயின் சத்தம் கேட்கிறது என்று எழுதினேன். "எல்லா வண்டியிலும் கேட்கும், ஓட்டுங்கள்" என்றீர்கள். பிறகு நான் செலவழித்ததை இங்கே எழுதினால் பலர் கார் ஆசையையே விட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து உங்கள் ஆலோசனையை நான் படிப்பதில்லை.

பழைய நட்டு:
படிக்காமலா பதில் எழுதினீர்கள்? குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு விநாடி வந்து நிற்கும் சத்தம் என்றால் ஓட்டலாம் என்றேன். இன்ஜின் சூடான பிறகும் கேட்டால் உடனே நிறுத்துங்கள் என்றும் எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

குவாட்ரோ:
அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிறகு சேர்த்தீர்கள். எல்லாருக்கும் தெரியும்.

மிலானீஸ்:
எஸ்4-இன் இன்ஜின் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. வளைவில் மூக்கு வெளியே போகும். அதைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமா? ஜூலியாவின் இன்ஜின் அச்சுக்குப் பின்னே தள்ளி வைக்கப்பட்டது. அந்த உடல் சமநிலையை எந்த ஹைட்ராலிக் பம்பும் தராது.

ஆறு சிலிண்டர், மறுபடியும் கேட்கிறேன். ஜூலியாவை ஓட்டியிருக்கிறீர்களா?

ஆறு சிலிண்டர்:
விற்பனையகத்தில் இருந்து சுற்றி வந்திருக்கிறேன். மூலை திரும்புவதற்குள் தெரிந்துவிட்டது. சக்கரம் சட்டென்று திரும்புகிறது, கையில் ஒன்றும் சொல்லவில்லை. அதில் பிரேக்கும் மின்கம்பி வழிதான். மிதியை மிதித்தால் நேராகக் காலிபருக்குப் போகாமல் கணினியிடம் போகிறது. ஸ்டீயரிங்கில் ஒரு மோட்டார், பிரேக்கில் ஒரு மோட்டார். நடுவில் எதற்கு ஓட்டுநர்?

மிலானீஸ்:
நகரத்துக்குள் ஒரு சுற்று. விற்பனையாளர் பக்கத்தில். நாற்பது கிலோமீட்டர் வேகம். இதை வைத்து ஓர் இனத்துக்கே சாவு எழுதிவிட்டீர்கள். ஜூலியாவை மலைச் சாலையில் ஓட்டாதவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஆறு சிலிண்டர்:
பேச்சில்லை என்று போன இழையிலும் எழுதினீர்கள். ஹைட்ராலிக்குக்கு இணையாக உணர்வு தரும் ஒரே ஒரு மின்சார ஸ்டீயரிங் செடானைச் சொல்லுங்கள். ஒன்று.

மறைமலை:
ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017-இல் இங்கே 500 வண்டி கொண்டுவந்தார்கள், தீர்ந்துவிட்டது. 2020-இல் 245 குதிரைத்திறனோடு 200 வந்தது, அதுவும் போய்விட்டது. உங்கள் ஜெர்மன் வண்டிகளின் பாதி விலை.

குவாட்ரோ:
ஆக்டேவியா செடானே இல்லை. பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். லிஃப்ட்பேக்.

மறைமலை:
வெளியிலிருந்து பார்த்தால் செடான். எத்தனை பேர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கார் வாங்குகிறார்கள்?

குவாட்ரோ:
நான் பார்ப்பேன்.

ஆறு சிலிண்டர்:
முன்சக்கர இயக்கத்தில் ஓடும் லிஃப்ட்பேக்கை எனக்குப் பதிலாகத் தருகிறீர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்புகிற அதே சக்கரம்தான் வண்டியையும் இழுக்கிறது. அங்கே எந்த உணர்வைத் தேடுவது? ஒன்று கேட்டேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.

நெக்கர்கரை:
சனிக்கிழமை கார்ல்ஸ்ரூவே போய் ஜூலியாவைப் பார்க்கப் போகிறேன். வெள்ளை, 2018, முதல் உரிமையாளர்.

குவாட்ரோ:
வெள்ளையா? வெள்ளை நிறத்தில் எஸ்4-தான் எடுப்பு.

ஆறு சிலிண்டர்:
போகிற வழியில் ஏதாவது ஈ46 விற்பனைக்கு நின்றால் இறங்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் மட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

மிலானீஸ்:
அவர் கேட்டது ஈ46-ஐ அல்ல.