மறு: ப்ரொப்பெல்லன்ட் டிப்போ – எரிபொருள் கிடங்கா, உந்துபொருள் சேமகமா?

வணக்கம். விண்கலங்கள் வழியில் நிரப்பிக்கொள்வதற்காகச் சுற்றுப்பாதையில் தொட்டிகளில் சேர்த்துவைக்கும் இடம்தான் ப்ரொப்பெல்லன்ட் டிப்போ. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> "எரிபொருள் கிடங்கு" எல்லாருக்கும் புரிகிறதே, புதிதாக எதற்கு?

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. சுற்றுப்பாதையில் நிறுத்தப்போகும் அந்தத் தொட்டிகளில் எடைக்கணக்கில் பெரும்பங்கு எரிபொருளே கிடையாது, ஆக்சிஜன்தான். ஹைட்ரஜன் எஞ்சின் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 6 கிலோ ஆக்சிஜன் கேட்கும். மீத்தேன் எஞ்சின் என்றால் ஒன்றுக்குச் சுமார் 3.5 கிலோ. எரிபொருளையும் அதை எரிக்கிற ஆக்சிஜனேற்றியையும் சேர்த்துக் குறிக்க நமக்கு "உந்துபொருள்" இருக்கிறது. மின்சாரத்தால் அயனிகளை வெளியே தள்ளி உந்தும் அயனி எஞ்சினில் போகும் செனான் வாயு எரியவே எரியாது. அதையும் இந்தச் சொல் தாங்கும், "எரிபொருள்" தாங்காது.

இது வெறும் சொல் சுத்தம் இல்லை. நீடித்து நடக்கிற விண்பயணத் திட்டங்களின் கணக்கே இந்த ஆக்சிஜனில்தான் நிற்கிறது. நிலவு மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், ஆக்சைடுகளாகக் கட்டுண்டு கிடக்கிறது. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி என்ற கருவி, 2021க்கும் 2023க்கும் இடையே அங்குள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. அளவு சொற்பம், ஆனாலும் வேற்றுக் கோளில் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. "நிலவில் எரிபொருள் எடுக்கலாம்" என்று எழுதினால் வாசகர் எண்ணெய்க் கிணறு மாதிரி எதையோ நினைத்துக்கொள்வார். "உந்துபொருளில் பெரும்பங்கை அங்கேயே எடுக்கலாம்" என்றால் விஷயம் நேராகப் போய்ச் சேரும்.

> செலுத்துபொருள்?

வேண்டாம். விண்கலம் செலுத்துவது, கட்டணம் செலுத்துவது என்று அந்த வினைக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

அடுத்தது கிடங்கு. இதில்தான் எனக்கு உண்மையான தயக்கம். கிடங்கில் போட்டது கிடக்க வேண்டும். இங்கே போட்டது கிடக்காது. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கும், ஆக்சிஜன் மைனஸ் 183இல், மீத்தேன் மைனஸ் 161இல். ஒரு பக்கம் வெயில், கீழேயிருந்து பூமியின் வெப்பம் என்று தொட்டி சூடாகிக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பது ஆவியாகி அழுத்தம் ஏறும். வெளியேற்றாவிட்டால் தொட்டி தாங்காது. ஆகவே பல அடுக்கு வெப்பக்காப்பு, வெயில் மறைப்பு, குளிர்விப்பான் எல்லாம் வேண்டும். சும்மா அடுக்கி வைத்துவிட்டுப் பூட்டிப் போகிற இடமல்ல இது, விடாமல் பேணவேண்டிய இடம். அதனால்தான் "சேமகம்" என்கிறேன். சேமித்தல், சேமமாக வைத்தல் இரண்டும் அதில் ஒலிக்கின்றன.

"துறை" என்று ஒருவர் சொன்னது அழகான யோசனை, படகு அணைகிற துறை மாதிரி. ஆனால் "உந்துபொருள் துறை" என்று எழுதிப் பாருங்கள், அதற்கு ஓர் அமைச்சர் வந்துவிடுவார்.

> நிரப்பகம் என்றால் எளிமையாக இருக்குமே?

நிரப்புவது தனி வேலை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். அது புதிதும் அல்ல. 1978லேயே சோவியத்தின் புரோகிரஸ் சரக்குக் கலம் சல்யூட் 6 விண்வெளி நிலையத்துக்கு உந்துபொருள் நிரப்பியது. ஆனால் அது சாதாரண வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும் வகை. மைனஸ் 183 டிகிரித் திரவத்தை எடையின்மையில் கலத்துக்குக் கலம் பெரிய அளவில் மாற்றுவதுதான் இப்போதைய சவால். 2024 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் கலத்தில் சோதித்ததுகூட ஒரே கலத்துக்குள் தொட்டிக்குத் தொட்டி மாற்றுவதைத்தான். ஆக, செயலுக்கு "உந்துபொருள் நிரப்பல்", இடத்துக்கு "உந்துபொருள் சேமகம்".

இழையைத் தொடங்கிய நண்பர் "ஆர்க்கிடெக்சர்" என்பதையும் கேட்டிருந்தார், அதாவது ஒரு பயணத்தை எந்தெந்தக் கலங்களால், எந்த வழியில் நடத்துவது என்ற மொத்த அமைப்பு. "கட்டமைப்பு" போதும் என்றே நினைக்கிறேன். மனிதரை நிலவுக்கு அனுப்பிய அப்போலோ திட்டத்திலேயே, புவிச் சுற்றுப்பாதையில் நிரப்பிக்கொண்டு போகும் கட்டமைப்பும் பரிசீலனையில் இருந்தது. 1962இல் நாசா அதை விட்டுவிட்டு, நிலவுச் சுற்றுப்பாதையில் கலங்கள் சந்திக்கும் முறையைத் தேர்ந்தது. ஒரே ஏவலில் காரியம் முடிந்தது, அடுத்த பயணத்துக்கு என்று மேலே எதுவும் மிஞ்சவில்லை. இந்த வாக்கியங்களில் "கட்டமைப்பு" எங்கும் இடறவில்லை, இல்லையா?

தொட்டியில் இருப்பது இப்படி ஆவியாகி வீணாவதை, அதாவது "பாயில்-ஆஃப்" என்பதை, "கொதியிழப்பு" என்று எழுதி வருகிறேன். "ஆவியிழப்பு" என்றாலும் சரி, எனக்குப் பிடிவாதம் இல்லை.

சிக்கிக்கொண்டு நிற்பது "அல்லேஜ்". தொட்டியில் திரவம் போக வாயு நிற்கிற இடம். வரைவில் "மேல்வெளி" என்று போட்டிருந்தார்கள். தரையில் அது சரி. சுற்றுப்பாதையில் திரவம் சுவரோடு ஒட்டிக்கொள்ள, வாயு நடுவில் குமிழியாக மிதக்கலாம். மேல் என்றே ஒன்று இல்லாத இடத்தில் மேல்வெளி எப்படி? "வாயுவெளி" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். "வளிமண்டலம்" என்று யாராவது மயங்குவார்களோ என்று ஒரு சந்தேகம். வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள்.