லைட் கிரே அடிச்சா ரூம் நீலமா தெரியுது, உதவி!

மாடிவீடு: பெட்ரூமுக்கு லைட் கிரே ரெண்டு கோட் அடிச்சாச்சு. ஷேடு கார்டுல சாம்பல்தான், சுவத்துல ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நீலம். டப்பா மாறலைன்னு பெயிண்டர் சத்தியம் பண்றார். வார்ம் கலருக்கு மாத்திடவா? ஞாயிறு கட்டில் வருது.

உப்புத்தாள்: ஜன்னல் எந்தத் திசை? என்ன லைட்? ரூம் அளவு?

டிஸ்டெம்பர்: ஒரு வாரம் காயட்டும், சரியாகிடும்.

உப்புத்தாள்: எமல்ஷன் காஞ்சா கொஞ்சம் அடர்த்தியாகும், அவ்வளவுதான். நீலம் சாம்பலாகாது.

மாடிவீடு: வடக்கு. டியூப் எல்ஈடி, 6500ன்னு போட்டிருக்கு. 12க்கு 11, உயரம் 10.

பழையபெருச்சாளி: இதை முதல்லயே சொல்ல என்ன கஷ்டம்? மாசத்துக்கு ரெண்டு பேர் இதையேதான் கேக்கறீங்க. வடக்கு ஜன்னல்ல வர்றது பெரும்பாலும் வானத்து வெளிச்சம், நீலம் கலந்தது. ராத்திரி 6500 கெல்வின் டியூப், அதாவது நீலம் கலந்த வெள்ளை லைட், அதையே தொடருது. கார்டுல கண்ணுக்குப் படாத அடிநிறம், நாலு சுவரும் ஒண்ணுல ஒண்ணு பிரதிபலிக்கிறப்போ துருத்திக்கிட்டு நிக்கும். ஏ4 தாளை ஒட்டிப் பாருங்க, புரியும்.

உப்புத்தாள்: ஏ4 வேண்டாம். அதுல வெளுப்பூட்டி இருக்கு, பகல்ல தாளே நீலம் அடிக்கும். வெள்ளை பிரைமர் அடிச்ச அட்டையை வைங்க.

பழையபெருச்சாளி: பெட்ரூமுக்கு லேப் டெஸ்டா?

உப்புத்தாள்: தாளை நம்பி இன்னொரு 4 லிட்டர் வாங்கினா யார் காசு?

டிஸ்டெம்பர்: வார்ம் கலர் அடிச்சா ரூம் சூடாகாதா?

உப்புத்தாள்: உள்சுவர் நிறத்தால சூடு ஏறாது, அது மொட்டைமாடி சமாச்சாரம். மாடிவீடு, முதல்ல டியூபை நீலம் குறைஞ்ச 4000 கெல்வினுக்கு மாத்துங்க. பகல்லயும் பிடிக்கலைன்னா, கடையில டின்டிங் ஃபார்முலா, அதாவது என்னென்ன சாயம் கலந்ததுன்னு கேளுங்க. கருப்போட நீலம் இருந்தா அந்த ஷேடை விடுங்க. மஞ்சள் ஆக்ஸைடோ சிவப்பு ஆக்ஸைடோ கலந்த கிரே எடுங்க. 2 அடி அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, ஜன்னல் இருக்கிற சுவர்லயும் எதிர்ச்சுவர்லயும் வெச்சுக் காலை, மதியம், ராத்திரி பாருங்க. பகல்ல ஜன்னல் சுவர்லதான் இருட்டாத் தெரியும். இப்ப இருக்கிற கோட் உரியலைன்னா பட்டி, பிரைமர் வேண்டாம். 320 உப்புத்தாள் லேசா போட்டு, தூசி துடைச்சு, நேரா ரெண்டு கோட். கதவு ஜன்னல் போக 410 சதுர அடி வரும், 4 லிட்டர் போதும்.

மாடிவீடு: டியூப் மாத்தியாச்சு, ராத்திரி சூப்பர். பகல்ல இன்னும் நீலம்தான். கட்டில் வந்துடுச்சு.

டிஸ்டெம்பர்: எத்தனை வாட் டியூப் போட்டீங்க?