கிரேட் ஓஷன் ரோட்டில் கூட்டம் இல்லாத இடங்கள் எவை? அப்பா அம்மாவோடு மூன்று நாள் பயணம்

திருச்சி மீனா:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம், பையனின் காலாண்டு விடுமுறையில், மெல்பர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். நான், என் கணவர், ஒன்பது வயது மகன், கூடவே அப்பாவும் அம்மாவும். நடுவில் மூன்று நாள் ஒதுக்கி, வாடகைக் கார் எடுத்து, ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோட்டில் போவதாகத் திட்டம்.

யூடியூபில் இருபது வீடியோவாவது பார்த்திருப்பேன். எல்லாரும் அதே நாலு இடத்தில் நின்று அதே படத்தை எடுக்கிறார்கள். பின்னால் நூறு பேர் தலை தெரிகிறது. அப்பா புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கடலுக்குள் தனித்து நிற்கும் அந்தப் பாறைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆனால் முழங்கால் வலி, படி நிறைய ஏற முடியாது. அம்மாவுக்கு ஒரே ஆசை, அந்தக் கடலில் காலை நனைத்துவிட வேண்டும். சுத்த சைவம் வேறு. பேருந்து நிறையக் கூட்டம் வந்து இறங்காத, ஆனால் பெரியவர்களும் போகக்கூடிய இடம் ஏதாவது இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜீலாங் அந்தோணி:

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன். இங்கே மெல்பர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கில் 14 வருஷமாக இருக்கிறேன். இந்த ரோட்டில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் நீளமாகவே எழுதத் தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகளில் பெரும்பாலானவை, ட்வெல்வ் அப்போசல்ஸ் என்கிற அந்தப் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளையும் அதை ஒட்டிய ரெண்டு மூன்று இடங்களையும் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடும். அதனால் மத்தியானத்திலிருந்து நாலு மணி வரை அங்கே திருவிழாக் கூட்டம். ஆனால் அதே பாறை அதே கரை மேற்கே இன்னும் வெகுதூரம் போகிறது. நீங்கள் தேடும் இடமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ரோடு தொடங்கும் ஊரான டோர்க்கீயிலிருந்து மேற்கே போகும்போது கடல் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். இங்கேயும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவது, அதனால் எதிர் வண்டிகளைக் கடக்காமலேயே ஒவ்வொரு காட்சி முனையிலும் ஒதுங்கலாம். வழியில் வரும் லோர்ன் ஊரில் மட்டும் மேலே டெட்டீஸ் லுக்அவுட் என்ற காட்சி முனை வரை காரிலேயே ஏறிவிடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் போதும். கீழே ஒரு ஆறு கடலில் சேர, அதைத் தாண்டி ரோடு மலையைக் கட்டிக்கொண்டு வளைந்து போவது தெரியும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919-லிருந்து 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய ரோடு இது. போரில் செத்த தங்கள் கூட்டாளிகளுக்கு நினைவுச் சின்னமாகவே இதைப் போட்டார்கள். அதை அப்பாவிடம் அங்கே நின்று சொல்லுங்கள்.

அப்பல்லோ பேயில் சாப்பாடு. அதற்குப் பிறகு ரோடு கடலை விட்டு காட்டுக்குள் ஏறும். அங்கே ரெட்வுட் மரத் தோப்பு, அருவி என்று நிறைய இருக்கிறது. மூன்று நாளில் அதை விட்டுவிடச் சொல்வேன். இரவு போர்ட் கேம்ப்பெலில் தங்குங்கள். மறுநாள் சூரியன் உதிக்கும்போது, ஆறேகால் மணி வாக்கில், அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போய்விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம்தான். பேருந்து ஒன்றும் வந்திருக்காது. பாறைகளின் நிறம் சாம்பலிலிருந்து மஞ்சளாக மாறுவதை நின்று பார்க்கலாம்.

அப்புறம் திரும்பி மேற்கே. பீட்டர்பரோ என்ற குட்டி ஊரைத் தாண்டினால் பே ஆஃப் மார்டர்ஸ், பே ஆஃப் ஐலண்ட்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே மேடை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. கடலுக்குள் சின்னதும் பெரிதுமாகத் தனித் தனிப் பாறைத் தீவுகள் நிற்கும். என்னைக் கேட்டால் அப்போஸ்தலர் பாறைகளைவிட இது அழகு. சில நாள் காலையில் நானும் கடல் காக்கைகளும் மட்டும் நின்றிருக்கிறோம்.

அதற்கும் மேற்கே சில்டர்ஸ் கோவ் என்ற சின்ன வளைகுடா. நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். 1839-ல் அங்கே உடைந்த சில்ட்ரன் என்ற கப்பலின் பெயரால் வந்த பெயர். நான் இதைக் கண்டுபிடித்தது போனில்தான். மேப்பை சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, கரையோரமாக நகர்த்திக்கொண்டே போனேன். பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு ஒல்லி ரோடு கடலைத் தொட்டு ஒரு சின்ன வட்டத்தில் முடிந்தால், அங்கே கார் நிறுத்தி யாரோ எதையோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை மனைவியோடு போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மஞ்சள் செங்குத்துப் பாறை, நடுவில் ஒரு முழம் போல மணல். பாறையை விரலால் தேய்த்தேன், அரிசி மாவு போல உதிர்ந்தது. உதிர்ந்த மாவில் நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டு. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சுண்ணாம்புக் கல் என்று படித்திருந்தாலும், அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் அப்பாவுக்கு இந்த இடம் பிடிக்கும். ஆனால் கீழே இறங்கப் படி உண்டு. முடியாவிட்டால் மேலே நின்றே பார்க்கட்டும்.

அந்த மாவுதான் நீங்கள் கவனிக்க வேண்டியதும். இந்தக் கரை உடைந்துகொண்டே இருக்கிறது. 1990-ல் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலத்தின் ஒரு வளைவு சரிந்து, அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். 2005-ல் அப்போஸ்தலர் பாறைகளில் ஒன்று விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புல் தரை கெட்டியாகத் தெரியும், அடியில் கடல் குடைந்திருக்கும். யார் யாரோ தாண்டிப் போய் படம் எடுப்பார்கள். பையன் கையை விடாதீர்கள்.

இரண்டாம் இரவு போர்ட் ஃபேரியில் தங்குங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரை ஒட்டி கிரிஃபித்ஸ் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு, கல் பாலத்தில் நடந்தே போகலாம், சமதரை. இங்குள்ளவர்கள் மட்டன் பேர்ட் என்று சொல்லும் கடற்பறவைகள் வட பசிபிக்கிலிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் பறந்து, வருஷா வருஷம் செப்டம்பர் 22-ஐ ஒட்டி இந்தத் தீவுக்குத் திரும்பிவிடும். நீங்கள் வரும் வாரம்! இருட்டும் நேரத்தில் பாதையில் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. திடீரென்று தலைக்கு மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு நிழல். அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியாது. புதருக்குள் பொத்தென்று விழுந்து, நேரே தன் வளைக்குள் நடந்து போய்விடும். டார்ச் அடிக்காதீர்கள். பாதையை விட்டு இறங்கவும் கூடாது, காலுக்கடியில் எல்லாம் வளைதான்.

மூன்றாம் நாள் காலை டவர் ஹில். 30,000 ஆண்டுகளுக்கும் முன்னால் வெடித்த எரிமலையின் வாய்க்குள் காரிலேயே இறங்குகிறீர்கள். ஈமு கோழிகள் பக்கத்திலேயே நடமாடும். வெட்டி மொட்டையாக்கப்பட்டிருந்த இந்தக் காட்டை, 1855-ல் யூஜின் வான் கெராட் வரைந்த ஒரு ஓவியத்தைப் பார்த்து, என்னென்ன செடி இருந்தது என்று கண்டுபிடித்து, 1960களிலிருந்து திரும்ப நட்டு வளர்த்தார்கள். ஓவியத்தைப் பார்த்துக் காடு வளர்த்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அங்கிருந்து கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் மெல்பர்ன். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள், அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும்.

பிரபா, சிட்னி:

அந்தோணி அண்ணன் சொன்னதோடு ஒன்று. வாடகைக் கார் எடுக்கும்போது ஒப்பந்தத்தில் மண் ரோடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நான் ரெக் பீச்சுக்குப் போனேன். மணலில் இரண்டு பழைய கப்பல்களின் நங்கூரங்கள் துருப்பிடித்துக் கிடக்கும், கடல் வற்றும் நேரத்தில் மட்டும் போக முடியும். இடம் அருமை. ஆனால் போகும் வழி சரளைக் கல் ரோடு. காரைத் திருப்பிக் கொடுத்தபோது அடியில் கீறல் என்று 420 டாலர் பிடித்துக்கொண்டார்கள். மண் ரோட்டில் போனால் இன்சூரன்ஸ் செல்லாது என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. தவிர 300 படிக்கு மேல். உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

புவனா, மெல்பர்ன்:

மீனா, சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. அப்பல்லோ பே, போர்ட் கேம்ப்பெல் கடற்கரைப் பூங்காவில் இலவச மின்சார பார்பிக்யூ அடுப்பு இருக்கும். பட்டனை அழுத்தினால் தட்டு சூடாகும். என் மாமியாரும் சைவம், அதில் இறைச்சி வாட்டுவார்கள் என்பதால் அலுமினியத் தாள் விரித்து, மேலே எங்கள் தோசைக்கல்லை வைத்துவிடுவோம். சூடேற நேரம் ஆகும், ஆனால் தோசை வந்துவிடும். மாவை அக்கா வீட்டிலேயே அரைத்து ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்க. முதல் நாளுக்குப் புளிசாதம்.

இன்னொன்று, அந்த வாரம் இங்கேயும் பள்ளி விடுமுறை, ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்கான அரசு விடுமுறையும் வரும். அறை இப்போதே பிடியுங்கள்.

திருச்சி மீனா:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் டவர் ஹில் பத்தியை வாசித்துக் காட்டினேன், அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தோணி அண்ணா, அம்மா கேட்கச் சொன்னார்கள்: கால் நனைப்பது எங்கே?

ஜீலாங் அந்தோணி:

மறந்தே போனேன், மன்னிக்கவும். சில்டர்ஸ் கோவ் பக்கம் வேண்டாம், அப்போஸ்தலர் பக்கமும் வேண்டாம். தெற்கே அண்டார்க்டிகா வரை தடுக்க ஒன்றும் இல்லாத கடல், அலை எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. கடலோரத்தில் பிறந்த நானே அங்கே இறங்குவதில்லை. போர்ட் கேம்ப்பெல் ஊருக்குள் இரண்டு பக்கமும் பாறை அணைத்த ஒரு சின்ன வளைகுடா இருக்கிறது, மணல் சாய்வும் மெதுவானது. முதல் நாள் சாயங்காலம், அறையில் பையை வைத்துவிட்டு நேரே அங்கே கூட்டிப் போங்கள். கணுக்கால் அளவு போதும். தண்ணீர் ஐஸ் போல இருக்கும், ஒரு துண்டும் கம்பளிச் சாக்ஸும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.